குறை கரிம எரிசக்திக் கொள்கையில் அணுமின்சாரத்தின் இடம்: இந்தியச் சூழலை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கரிம உமிழ்வைக் குறைக்கும் தேசிய எரிசக்திக் கொள்கையில் அணுமின்சாரத்துக்கு உரிய இடம் எது என்னும் வினா, பெரும்பாலும் ஆதரவு, எதிர்ப்பு என்னும் இரு நிலைகளுக்குள் அடங்கிவிடுகின்றது. இக்கட்டுரை அவ்வினாவைக் காலம் என்னும் அளவுகோலைக் கொண்டு அணுகுகின்றது. ஒரு நாளின் எந்தப் பொழுதில் மின்சாரம் கிடைக்கின்றது, உலையைக் கட்டி முடிக்க எத்தனை ஆண்டுகள் ஆகின்றன, கழிவையும் இடர்ப்பாட்டையும் எத்தனை தலைமுறைகள் சுமக்க வேண்டும் ஆகிய மூன்று நிலைகளில் இந்திய அனுபவம் ஆராயப்படுகின்றது. பிரான்சு, ஜெர்மனி, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளின் அனுபவங்கள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. 2047ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்டுள்ள 100 கிகாவாட் இலக்கின் நடைமுறைச் சாத்தியம் உலை வகையைக் காட்டிலும் கட்டுமான ஒழுங்கையும் மக்கள் நம்பிக்கையையும் சார்ந்தது என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: அணுமின்சாரம், கரிம உமிழ்வு, எரிசக்திக் கொள்கை, கல்பாக்கம், கூடங்குளம், கட்டுமானக் காலம், ஒழுங்குமுறை.

முன்னுரை

2021ஆம் ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ நகரில் நடைபெற்ற காலநிலை மாநாட்டில், 2070ஆம் ஆண்டுக்குள் நிகரக் கரிம உமிழ்வைச் சுழியமாக்குவதாக இந்தியா அறிவித்தது. அடுத்த ஆண்டு ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த திருத்திய உறுதிமொழியில், 2030க்குள் மின் நிறுவுதிறனில் பாதியைப் புதைபடிவமல்லாத மூலங்களிலிருந்து பெறுவதாகக் கூறியது. இந்தப் பாதி என்னும் எல்லை 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே எட்டப்பட்டுவிட்டது. ஆயினும் நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகின்றது. நிறுவுதிறனில் பாதி, உற்பத்தியில் கால் பங்கு என்னும் இந்த இடைவெளியே எரிசக்திக் கொள்கையின் மையச் சிக்கலாகும்.

இவ்விடைவெளியை நிரப்ப முன்வைக்கப்படும் வழிகளுள் அணுமின்சாரமும் ஒன்று. 2025 பிப்ரவரியில் தாக்கல் செய்யப்பட்ட ஒன்றிய அரசின் நிதிநிலை அறிக்கை, 2047க்குள் 100 கிகாவாட் அணுமின் திறன் என்னும் இலக்கை அறிவித்தது. அன்றைய நிறுவுதிறன் 9 கிகாவாட்டுக்கும் குறைவு. இத்தகைய பெருந்தாவலை ஒரு நாடு அறிவிக்கும்போது, அதன் தேவையையும் நடைமுறைச் சாத்தியத்தையும் தனித்தனியே ஆராய்வது அவசியமாகின்றது. ‘தேவை’ என்று நிறுவப்பட்ட ஒன்று ‘இயலும்’ என்று நிறுவப்பட்டதாகாது. அவ்வாறே, ‘இதுவரை இயலவில்லை’ என்பதிலிருந்து ‘தேவையில்லை’ என்னும் முடிவுக்கும் வர இயலாது. இவ்விரண்டையும் பிரித்தறிய முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. உமிழ்வுக் கணக்கு

அணுஉலை இயங்கும்போது கார்பன் டை ஆக்சைடை வெளியிடுவதில்லை. ஆனால் யுரேனியச் சுரங்கம், எரிபொருள் தயாரிப்பு, கட்டுமானத்துக்கான சிமென்ட், எஃகு, இறுதியில் உலையைக் கலைத்தல் ஆகிய அனைத்திலும் உமிழ்வு உண்டு. இவற்றையெல்லாம் சேர்த்து வாழ்நாள் முழுமைக்கும் கணக்கிட்ட ஐ.பி.சி.சி. எனப்படும் காலநிலை மாற்றத்துக்கான நாடுகளுக்கிடையேயான குழுவின் 2014ஆம் ஆண்டு அறிக்கை, ஒரு யூனிட் மின்சாரத்துக்கான இடைநிலை உமிழ்வு மதிப்புகளைப் பின்வருமாறு தருகின்றது: நிலக்கரி 820 கிராம்; இயற்கை எரிவாயு 490 கிராம்; பெரிய அளவிலான சூரிய ஒளி மின்நிலையம் 48 கிராம்; அணுமின்சாரம் 12 கிராம்; நிலப்பகுதிக் காற்றாலை 11 கிராம். உமிழ்வு என்னும் ஒற்றை அளவுகோலில் அணுமின்சாரம் காற்றாலைக்கு இணையாக நிற்கின்றது. இதில் பெரிய கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 1,000 மெகாவாட் திறனுள்ள ஓர் உலை தன் முழுத் திறனில் 80 விழுக்காட்டளவு இயங்கினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 700 கோடி யூனிட் மின்சாரம் தரும். அதே அளவு மின்சாரத்தை இந்திய அனல்மின் நிலையங்களில் உற்பத்தி செய்ய நேரின், யூனிட்டுக்கு 0.95 கிலோகிராம் எனக் கொண்டால், 66 இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். 2024-25ஆம் ஆண்டில் இந்திய அணுமின் நிலையங்கள் 5,600 கோடி யூனிட்டுக்கு மேல் உற்பத்தி செய்தன. இது நாட்டின் மொத்த மின் உற்பத்தியில் 3 விழுக்காடு மட்டுமேயெனினும், அது தவிர்த்த உமிழ்வு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து கோடி டன்னாகும்.

ஆகவே, இயங்கிக்கொண்டிருக்கும் பாதுகாப்பான ஓர் உலையை மூடுவது காலநிலை நோக்கில் இழப்பாகும் என்பது தெளிவு. புதிய உலையைக் கட்டுவது குறித்து இவ்வளவு எளிதாகக் கூறிவிட இயலாது. அதே பணத்தையும் காலத்தையும் வேறு வழியில் செலவிட்டால் எவ்வளவு உமிழ்வைத் தவிர்க்கலாம் என்னும் ஒப்பீடு அங்கே தேவைப்படுகின்றது.

2. பொழுது என்னும் அளவுகோல்

நிறுவுதிறன் என்பது ஒரு மின்நிலையம் உச்ச நிலையில் தரக்கூடிய ஆற்றல். உற்பத்தி என்பது அது உண்மையில் தந்த ஆற்றல். ஒரு சூரிய ஒளி மின்நிலையம் ஆண்டு முழுவதற்கும் சராசரியாகத் தன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே தருகின்றது. ஆகவே, 1,000 மெகாவாட் உலை ஓராண்டில் தரும் மின்சாரத்தைச் சூரிய ஒளியிலிருந்து பெற 4,000 மெகாவாட் நிறுவுதிறன் வேண்டும். விலை நோக்கில் இது பெருந்தடையன்று. இந்தியாவில் சூரிய ஒளி மின்சாரத்தின் ஏல விலை 2020ஆம் ஆண்டு டிசம்பரில் குஜராத்தில் யூனிட்டுக்கு ரூ.1.99 வரை இறங்கியது. பகல் நேரத்து மின்சாரத்தில் சூரிய ஒளியோடு போட்டியிடப் புதிய உலையால் இயலாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிக்கல் மாலையில் தொடங்குகின்றது. கதிரவன் மறைந்த பின்னரும் வீட்டு விளக்குகள், மின்விசிறிகள், குளிர்சாதனங்கள், இரவுப் பணிமுறையில் இயங்கும் ஆலைகள் ஆகியவற்றின் தேவை தொடர்கின்றது. அந்நேரத்தை இன்று சுமப்பது நிலக்கரியே. நான்கைந்து மணி நேர மாலைத் தேவையை மின்கலச் சேமிப்பும் நீரேற்று மின்நிலையங்களும் நிறைவு செய்ய இயலும். மின்கல விலை தொடர்ந்து குறைந்துவருவதால் இவ்வழி வலுப்பெற்றும் வருகின்றது. ஆனால் இரவு முழுவதற்குமான தேவையையும், மேகமூட்டமும் காற்றின்மையும் சேர்ந்து வரும் நாட்களையும், பருவந்தோறும் மாறும் பற்றாக்குறையையும் மின்கலத்தால் மட்டும் ஈடுசெய்வது வேறு அளவிலான செலவாகும்.

இதற்குத் தென்தமிழகத்தைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி முப்பந்தல் பகுதியில் காற்றாலைகள் எழுந்தன. தமிழ்நாட்டின் காற்றாலை நிறுவுதிறன் 11,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது. ஆயினும் அவ்வாலைகள் தம் உற்பத்தியின் பெரும்பகுதியை மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களிலேயே தருகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது காற்றும் தணிந்துவிடுகின்றது. வானம் மூடியிருப்பதால் சூரிய ஒளியும் குறைந்துவிடுகின்றது. ஆடி மாதத்தில் மிகும் காற்று மின்சாரத்தைக் கார்த்திகைக்குச் சேமித்துவைக்கும் மின்கலம் பொருளாதார அளவில் இன்று இல்லை. அதே காற்றாலைகளுக்கு அருகில், கடற்கரையில் அமைந்துள்ள கூடங்குளம் உலைகள் ஆடியிலும் கார்த்திகையிலும் ஒரே அளவில் இயங்க வல்லவை.

இதிலிருந்து பெறப்படும் கருத்து, அணுமின்சாரத்தைக் காற்றுக்கும் கதிரவனுக்கும் போட்டியாக நிறுத்துவது பிழையான ஒப்பீடு என்பதாகும். அது ஈடுசெய்ய வேண்டியது நிலக்கரி இன்று சுமக்கும் நிலையான அடிப்படைத் தேவையை. கொள்கை வகுப்பில் இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. மென்னீர் உலைகளை ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை நிறுத்தி எரிபொருள் மாற்ற வேண்டும். அந்நிறுத்தத்தைக் காற்று மிகுந்த மாதங்களில் அமைத்துக்கொண்டால் இரு மூலங்களும் ஒன்றையொன்று தாங்கும். தனித்தனியே திட்டமிடும் துறைகள் ஒருங்கே திட்டமிடுவதே இங்கு வேண்டப்படுவது.

3. ஆண்டு என்னும் அளவுகோல்: பிற நாடுகளின் அனுபவம்

அணுமின் திட்டத்தின் செலவில் பெரும்பகுதி, முதல் யூனிட் மின்சாரம் வெளிவருமுன்னரே செலவழிந்துவிடுகின்றது. எரிபொருளின் பங்கு சிறியது. ஆகவே கட்டுமானக் காலம் நீளும்போது வட்டியும் வளர்கின்றது. எடுத்துக்காட்டாக, ரூ.100 கோடி செலவாகும் ஒரு திட்டத்தில் அத்தொகை சீராகப் பரவிச் செலவிடப்படுகின்றது என்றும், வட்டி ஆண்டுக்கு 9 விழுக்காடு என்றும் கொள்வோம். ஆறு ஆண்டுகளில் முடிந்தால், முடியும் நாளில் மொத்தச் சுமை ஏறத்தாழ ரூ.131 கோடி. பன்னிரண்டு ஆண்டுகள் ஆனால் அது ஏறத்தாழ ரூ.175 கோடி. ஒரு செங்கல்கூடக் கூடுதலாக வைக்கப்படவில்லை. காலம் மட்டுமே கூடியுள்ளது.

பிரான்சு இவ்வுண்மையின் இரு பக்கங்களையும் காட்டுகின்றது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, 1974 மார்ச்சில் பிரதமர் பியர் மெஸ்மர் அணுமின் பெருந்திட்டத்தை அறிவித்தார். 1970களின் பிற்பகுதி தொடங்கி 1990 வரை ஏறத்தாழ ஐம்பது உலைகள் மின்தொகுப்பில் இணைந்தன. 1990 அளவில் நாட்டின் மின்சாரத்தில் முக்கால் பங்கு அணுவிலிருந்து வந்தது. காலநிலை மாற்றம் அப்போது அவர்தம் நோக்கமன்று. ஆயினும் ஒரு பெரிய தொழில்மய நாடு தன் மின்துறையின் கரிமத்தைப் பதினைந்து ஆண்டுகளில் பெருமளவு நீக்கிய சான்றாக அது நிலைத்துவிட்டது. அரசுக்குச் சொந்தமான ஒரே மின் நிறுவனம், ஒரே உலை வகையைத் தொடராகக் கட்டியமை, அரசின் உறுதி பெற்ற கடன் ஆகிய மூன்றும் அதற்கு அடிப்படையாயின.

அதே பிரான்சில், புதிய வடிவமைப்பைக் கொண்ட ஃபிளாமன்வில் மூன்றாம் உலையின் கட்டுமானம் 2007 டிசம்பரில் தொடங்கியது. 2012இல் முடிய வேண்டிய அவ்வுலை 2024 டிசம்பரில்தான் மின்தொகுப்பில் இணைந்தது. 330 கோடி யூரோ என மதிப்பிடப்பட்ட செலவு 1,300 கோடி யூரோவைக் கடந்தது. நீண்ட இடைவெளிக்குப் பின் கட்டத் தொடங்கியதால் தேர்ந்த பற்றவைப்பாளர் முதல் உதிரிப்பாக ஆலைகள் வரை தொழில் மரபு அறுந்துபோயிருந்தமை காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. மேலும், ஒரே வகை உலைகளைச் சார்ந்திருப்பதன் இடர்ப்பாடும் 2022இல் வெளிப்பட்டது. குழாய்களில் அரிப்பு விரிசல்கள் கண்டறியப்பட்டதால் பல உலைகள் ஒருங்கே நிறுத்தப்பட்டன. மின்சாரத்தை ஏற்றுமதி செய்துவந்த அந்நாடு அவ்வாண்டில் நிகர இறக்குமதி நாடானது.

ஜெர்மனி எதிர்த்திசையில் சென்றது. 2011 மார்ச்சில் நிகழ்ந்த ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் எட்டு உலைகளை மூடிய அந்நாடு, எஞ்சிய மூன்றையும் 2023 ஏப்ரல் 15 அன்று நிறுத்தியது. புதுப்பிக்கத்தக்க மூலங்கள் அங்கு மின்நுகர்வில் பாதிக்கு மேல் வளர்ந்திருப்பது பெருஞ்சாதனை. ஆயினும் 2023இல் ஜெர்மனியின் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 350 கிராமுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியானது. பிரான்சில் அது 50 கிராமுக்கும் குறைவு. காற்றும் கதிரவனும் முதலில் நிலக்கரியை வெளியேற்றியிருக்கலாம்; மாறாக, அவற்றின் வளர்ச்சியில் ஒரு பகுதி, மூடப்பட்ட அணுமின்சாரத்தின் இடத்தை நிரப்பவே செலவாயிற்று.

ஐக்கிய அரபு அமீரகம் மூன்றாவது வகை. பராக்காவில் கொரிய வடிவமைப்பிலான நான்கு உலைகளின் கட்டுமானம் 2012இல் தொடங்கி, நான்காம் உலை 2024இல் வணிக உற்பத்திக்கு வந்தது. மொத்தம் 5,600 மெகாவாட். நாட்டின் மின்தேவையில் ஏறத்தாழ கால் பங்கை அவை தருகின்றன. முன் அனுபவமில்லாத நாடு, வேறிடத்தில் கட்டிப் பழகிய வடிவமைப்பை, பழகிய கட்டுநரைக் கொண்டே, ஒரே இடத்தில் நான்கு முறை கட்டியது என்பது கவனத்திற்குரியது.

4. இந்திய அனுபவமும் 100 கிகாவாட் இலக்கும்

இந்தியாவின் முதல் அணுமின் நிலையம் தாராப்பூரில் 1969இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1974ஆம் ஆண்டின் அணுவெடிப்புச் சோதனையை அடுத்து வெளிநாட்டு ஒத்துழைப்பு நின்றுபோக, கனநீர் உலைத் தொழில்நுட்பத்தை நாடு தன் முயற்சியால் வளர்த்துக்கொண்டது. 1984 ஜனவரியில் வணிக உற்பத்தியைத் தொடங்கிய கல்பாக்கம் முதல் உலை அம்முயற்சியின் முதற்கனியாகும். இத்தனிமை தொழில்நுட்பத் தன்னிறைவைத் தந்தது, வேகத்தைத் தரவில்லை. யுரேனியப் பற்றாக்குறையால் 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலைகள் தம் திறனில் பாதியளவே இயங்கின. 2008இல் அணுப்பொருள் வழங்கு நாடுகள் குழு அளித்த விலக்குக்குப் பின் இறக்குமதி எரிபொருள் கிடைத்து, அந்நிலை மாறியது.

கட்டுமானக் காலத்தைப் பொறுத்தவரை இந்தியப் பதிவேடு ஒரே சீராக இல்லை. கூடங்குளம் திட்டத்துக்கான ஒப்பந்தம் 1988 நவம்பரில் சோவியத் ஒன்றியத்துடன் கையெழுத்தானது. கட்டுமானம் 2002இல் தொடங்கியது. முதல் உலை 2014 டிசம்பர் இறுதியில் வணிக உற்பத்திக்கு வந்தது. ஒப்பந்தத்திலிருந்து 26 ஆண்டுகள். கட்டுமானத் தொடக்கத்திலிருந்து 12 ஆண்டுகளுக்கு மேல். முதலிரு உலைகளுக்கு ரூ.13,171 கோடி என மதிப்பிடப்பட்ட செலவு ரூ.22,462 கோடியாக உயர்ந்தது. உள்நாட்டு 700 மெகாவாட் வகையின் முதல் உலையான காக்ராபாரின் மூன்றாம் அலகும் 2010இல் தொடங்கி 2023 ஜூனில்தான் வணிக உற்பத்தியை எட்டியது. கல்பாக்கத்தில் 2004இல் கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் வேக ஈனுலை 2010இல் முடியுமெனத் திட்டமிடப்பட்டது. அதன் உலையகத்தை நிரப்பும் பணியின் தொடக்க நிகழ்வே 2024 மார்ச்சில்தான் நடைபெற்றது.

எனினும் இதே நாட்டில்தான் தாராப்பூரின் நான்காம் அலகு 2000 மார்ச்சில் தொடங்கி 2005 செப்டம்பரில் வணிக உற்பத்திக்கு வந்தது. கைகாவின் மூன்றாம் அலகு 2002 மார்ச்சில் தொடங்கி 2007 மே மாதத்தில் நிறைவுற்றது. இரண்டும் ஏற்கெனவே உலைகள் இயங்கிய வளாகங்களில், பழகிய கனநீர்த் தொழில்நுட்பத்தில், முன்னனுபவம் பெற்ற கட்டுநர்களால் எழுப்பப்பட்டவை. காலதாமதம் இந்தியாவுக்கு இயல்பானதன்று என்பதை இவ்விரண்டும் நிறுவுகின்றன. புதிய இடம், புதிய வடிவமைப்பு, புதிய ஒப்பந்த முறை ஆகியவை ஒருசேர வரும்போதே காலம் நீள்கின்றது.

இப்பின்னணியில் 100 கிகாவாட் இலக்கைக் கணக்கிடலாம். 1969 முதல் 2025 வரையிலான 56 ஆண்டுகளில் நாடு எட்டிய திறன் ஏறத்தாழ 8.8 கிகாவாட், ஆண்டுச் சராசரி 0.16 கிகாவாட். எஞ்சிய 91 கிகாவாட்டை 22 ஆண்டுகளில் சேர்க்க ஆண்டுக்கு 4 கிகாவாட்டுக்கு மேல் வேண்டும். இது கடந்தகால வேகத்தைப்போல் இருபத்தாறு மடங்கு. பிரான்சு தன் பெருந்திட்டக் காலத்தில் சராசரியாக எட்டிய வேகமும் ஏறத்தாழ இதுவே. ஆகவே இவ்விலக்கு உலக வரலாற்றில் முன்மாதிரி இல்லாததன்று. ஆனால் அம்முன்மாதிரிக்கு மேற்கூறிய மூன்று நிபந்தனைகள் அடிப்படையாயிருந்தன. 700 மெகாவாட் வகையில் பத்து உலைகளைத் தொடராகக் கட்ட 2017இல் அளிக்கப்பட்ட ஒப்புதல், இத்திசையில் எடுக்கப்பட்ட சரியான அடி எனலாம். தேவைப்படும் அளவோடு ஒப்பிட அது 7 கிகாவாட் மட்டுமே.

இலக்கு முழுமையாக எட்டப்பட்டாலும், 100 கிகாவாட் உலைகள் 80 விழுக்காட்டளவில் ஆண்டுக்கு 70,000 கோடி யூனிட் தரும். இன்றைய மொத்த உற்பத்தியில் இது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 2047இல் மின்தேவை இரு மடங்கானால் ஐந்தில் ஒரு பங்காகவும், மும்மடங்கானால் எட்டில் ஒரு பங்காகவும் அது சுருங்கும். குறை கரிம மின்சாரத்தின் பெரும்பகுதி எவ்வாறாயினும் பிற மூலங்களிலிருந்தே வரவேண்டும்.

5. சிற்றுலைகள்: எதிர்பார்ப்பும் எல்லையும்

2025 நிதிநிலை அறிக்கை சிற்றுலை ஆய்வுக்கு ரூ.20,000 கோடி ஒதுக்கி, உள்நாட்டில் உருவாக்கிய ஐந்து சிற்றுலைகளேனும் 2033க்குள் இயங்க வேண்டும் எனக் குறிப்பிட்டது. ஆலையில் உறுப்புகளைச் செய்து களத்தில் பொருத்தினால் காலமும் செலவும் குறையும் என்பதே இவற்றின் அடிப்படை வாதம். இதுவரையிலான உலக அனுபவம் அவ்வாதத்தை உறுதிப்படுத்தப் போதுமானதன்று. ரஷ்யாவின் மிதக்கும் மின்நிலையமும் சீனாவின் உயர்வெப்ப உலையும் இயங்குகின்றன. ஆனால் அமெரிக்காவில் முன்னணியில் இருந்த ஒரு சிற்றுலைத் திட்டம், மின்சார விலை மதிப்பீடு பெரிதும் உயர்ந்ததால் 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. தொடர் உற்பத்தி தரும் ஆதாயம் பல உலைகளைக் கட்டிய பின்னரே கிடைக்கும். முதல் உலைக்கு அவ்வாதாயம் இல்லை.

இந்தியாவுக்கு இங்கு ஓர் அரிய வாய்ப்பு உண்டு. 220 மெகாவாட் கனநீர் உலை அளவால் சிற்றுலைக்கு நெருங்கியது. பலமுறை கட்டிப் பழகியதுமாகும். எஃகு, அலுமினியம், சிமென்ட் ஆலைகள் தம் சொந்தத் தேவைக்கு வைத்துள்ள அனல்மின் நிலையங்களை இவ்வுலைகளால் மாற்றும் திட்டம் ஆராயப்படுகின்றது. புத்தம்புது வடிவமைப்பைக் காட்டிலும் இது நம்பகமான தொடக்கமாக அமையும்.

6. தலைமுறை என்னும் அளவுகோல்

அணுமின்சாரத்தின் பயனைத் துய்க்கும் தலைமுறையும் அதன் கழிவைக் காக்கும் தலைமுறையும் ஒன்றல்ல. இந்தியா செலவழிந்த எரிபொருளை மறுபதப்படுத்திப் புளுட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் கொள்கையைப் பின்பற்றுகின்றது. எஞ்சும் உயர்கதிர்வீச்சுக் கழிவு கண்ணாடியில் உறையவைக்கப்படுகின்றது. இதனால் கழிவின் அளவு குறையுமேயன்றி, நிலத்தடியில் ஆழப் புதைக்கும் நிலையான களஞ்சியத்தின் தேவை மறையாது. ஃபின்லாந்து ஓல்கிலுவோட்டோவில் அத்தகைய களஞ்சியத்தைக் குடைந்துள்ளது. இந்தியாவில் அது இன்னும் அமையவில்லை. இன்றைய சிறிய அளவுக்கு இது உடனடி நெருக்கடியன்று. பத்து மடங்கு விரிவாக்கத்தை அறிவிக்கும் கொள்கை, கழிவுக்கான காலவரையறையையும் உடன் அறிவிப்பதே முறை.

இடர்ப்பாடு குறித்தும் இதே நேர்மை வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கல்பாக்கத்தைத் தாக்கியபோது கடல்நீர் எக்கி இல்லத்துள் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டுச் சில நாட்களில் மீண்டும் இயங்கியது. உலை காத்துக்கொண்டது உண்மை. அதே அலையில் அதே கடற்கரையின் ஊர்களும் குடியிருப்புகளும் உயிர்களை இழந்தன என்பதும் உண்மை. ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஃபுகுஷிமாவைக் கண்ட இடிந்தகரை மக்கள் அச்சமுற்றதை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. 2011, 2012ஆம் ஆண்டுகளின் போராட்டம் எழுப்பிய வினாக்களுள் பல, உலையின் பொறியியலைக் காட்டிலும் நிருவாகத்தைக் குறித்தவை: அவசரகாலத்தில் வெளியேறும் வழி எது, கடலில் விடப்படும் வெந்நீர் மீன்வளத்தை எவ்வாறு பாதிக்கும், ஆய்வறிக்கைகள் ஏன் மக்களுக்குக் கிட்டவில்லை. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிலையத்தை இயக்க ஒப்புதலளித்தபோதே, பாதுகாப்பு, கழிவு, மக்கள் நலன் சார்ந்த 15 வழிகாட்டுதல்களையும் விதித்தமை அவ்வினாக்களின் நியாயத்தை உணர்த்துகின்றது.

ஒழுங்குமுறை அமைப்பின் தன்னுரிமை இதனோடு பிணைந்தது. 1983இல் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அணுசக்தியை வளர்க்கும் துறையையே சார்ந்திருப்பதை இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் 2012ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. 2010ஆம் ஆண்டின் இழப்பீட்டுப் பொறுப்புச் சட்டம், குறைபாடுள்ள கருவியை வழங்கியவர் மீது நிலையத்தை இயக்குபவர் வழக்குத் தொடுக்கும் உரிமையை அளித்தது. போபால் துயரின் நினைவு அச்சட்டத்தின் பின்னணியில் இருந்தது. அப்பிரிவு வெளிநாட்டு நிறுவனங்களைத் தயங்கச் செய்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம், 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்துக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் மாற்றாக அமைந்து, தனியார் நிறுவனங்களுக்கு வழி திறந்தது. வழங்குநர் மீதான அச்சிறப்பு உரிமையையும் நீக்கியது. ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டத் தகுதி அளித்தது. முதலீட்டுத் தடை இதனால் தளர்ந்தது. அதே அளவுக்கு ஒழுங்குமுறை வாரியத்தின் சுமை கூடியுள்ளது. வழங்குநரின் பொறுப்பு குறையும்போது, குறைபாட்டை முன்கூட்டியே கண்டறிய வல்ல, தேவையெனில் உலையை நிறுத்தும் துணிவுள்ள கண்காணிப்பே மக்களுக்கு எஞ்சும் காப்பு.

7. ஆய்வு முடிவுகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, இயங்கும் உலைகளின் ஆயுளைப் பாதுகாப்பு ஆய்வுக்கு உட்பட்டு நீட்டிப்பதே மிகக் குறைந்த செலவில் உமிழ்வைத் தவிர்க்கும் அணுமின் வழியாகும்.

இரண்டாவதாக, புதிய உலைகளை ஓரிரு வடிவமைப்புகளுக்குள் அடக்கி, ஏற்கெனவே உலைகள் உள்ள வளாகங்களில் தொடராகக் கட்டுதல் வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வெளிநாட்டு வகை எனப் பங்கிடுவது தாராப்பூர், கைகா ஆகியவை தரும் பாடத்துக்கு மாறானது.

மூன்றாவதாக, அணுமின் இலக்கைக் காரணங்காட்டிச் சூரிய ஒளி, காற்றாலை, சேமிப்பு ஆகியவற்றின் வளர்ச்சியைத் தாமதிக்கலாகாது. இன்று தொடங்கும் உலை 2030களின் நடுப்பகுதியில்தான் மின்சாரம் தரும். அதுவரையிலான உமிழ்வுக் குறைப்பை விரைவாக நிறுவக்கூடிய மூலங்களே சுமக்க வேண்டும்.

நான்காவதாக, இலக்கைக் கிகாவாட்டில் மட்டும் அறிவிப்பது போதாது. இரவு நேரத்திலும் பருவ மாற்றத்திலும் நிலக்கரியின் எத்தனை கோடி யூனிட்டை அது விலக்கும் என்பதே கொள்கையின் உண்மையான அளவாகும்.

ஐந்தாவதாக, கழிவுக் களஞ்சியத்துக்கான காலவரையறை, அவசரகாலத் திட்டங்களின் வெளிப்படைத்தன்மை, கடலோர மீனவரின் வாழ்வாதாரக் கண்காணிப்பு ஆகியவை திட்டத்தின் இணைப்புகளாக அல்லாமல் அதன் உறுப்புகளாக அமைய வேண்டும். இவற்றைத் தவிர்த்து மிச்சப்படுத்தும் காலம், வழக்கிலும் போராட்டத்திலும் பன்மடங்காகச் செலவாகும் என்பதைக் கூடங்குளம் உணர்த்தியுள்ளது.

முடிவுரை

அணுமின்சாரம் குறை கரிம மூலமா என்னும் வினாவுக்கு விடை ஐயத்துக்கு இடமின்றி ஆம் என்பதே. குறை கரிமக் கொள்கையின் முதுகெலும்பாக அது அமையுமா என்னும் வினாவுக்கு, இந்தியாவைப் பொறுத்தவரை, அமையாது என்றே இன்றைய கணக்குகள் கூறுகின்றன. இவ்விரு விடைகளுக்கும் இடையில் அதற்குரிய இடம் உள்ளது. காற்றும் கதிரவனும் தராத பொழுதுகளில் நிலக்கரிக்கு மாற்றாக நிற்பதே அவ்விடம். அவ்விடத்தை நிரப்ப எத்தனை உலைகள் வேண்டும் என்பதைக் காட்டிலும், ஒவ்வோர் உலையும் ஐந்தாறு ஆண்டுகளில் முடிகின்றதா, அருகில் வாழ்வோர் கேட்கும் வினாவுக்கு விடை கிடைக்கின்றதா என்பனவே முடிவைத் தீர்மானிக்கும். கைகாவில் ஐந்து ஆண்டுகளில் கட்டி முடித்த அதே நாடு கூடங்குளத்தில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. 2047ஆம் ஆண்டின் இலக்கு இவ்விரண்டில் எதனைப் பின்பற்றும் என்பது, அடுத்த சில ஆண்டுகளில் எடுக்கப்படும் முடிவுகளைப் பொறுத்தது.